குன்னூர்–ஊட்டி மலை ரயில்: பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

மலை ரயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மேட்டுப்பாளையத்தில்தான் தொடங்குவார்கள். விடிகாலை வரிசை, நீராவி இன்ஜின், கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கவ்வும் சத்தம், ஹில்குரோவில் தின்பண்டத்தைப் பிடுங்கும் குரங்குகள். நல்லதுதான், ஒரு தடவையாவது போக வேண்டிய பயணம்தான். நான் எழுத வந்தது அந்த 46 கிலோமீட்டரில் மேலே இருக்கும் துண்டைப் பற்றி மட்டும். குன்னூரிலிருந்து ஊட்டி வரை, டீசல் இன்ஜின் ஓடுகிற, யாரும் அவ்வளவாகக் கொண்டாடாத பகுதி. நாங்கள் குன்னூர்க்காரர்கள். சனிக்கிழமை எனக்கும் என் மனைவிக்கும் வெளியே போக வேண்டும் என்று தோன்றினால் பெரும்பாலும் இதில்தான் ஏறுவோம். நாலு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளை அம்மாயி (என் மனைவியின் அம்மா) வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேர் மட்டும் போவோம். அதனால் குழந்தைகளுக்கு இந்த ரயில் பிடிக்குமா, பால் புட்டிக்கு வெந்நீர் கிடைக்குமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இங்கே பதில் இருக்காது.

முதலில் காரியமான விஷயம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே ஒரு நாளில் சில வண்டிகள் ஓடுகின்றன, மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பி வரும் வண்டியும் அதில் ஒன்று. அந்த வண்டியை விட்டுவிடுங்கள், அது குன்னூர் வரும்போதே நிரம்பித்தான் வரும். இங்கிருந்தே கிளம்பும் வண்டிக்கு முன்பதிவு செய்துகொள்வது நல்லது. கவுன்டரில் கொடுக்கும் முன்பதிவில்லாத டிக்கெட் கொஞ்சம்தான், அதுவும் சீசனில் கண்ணெதிரே தீர்ந்துபோகும். ஏப்ரல், மே பக்கமே போக வேண்டாம், பூஜை விடுமுறையும் அப்படித்தான். வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் 2024 மே முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது, ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ வந்தால் அந்த வேலை இல்லை. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, ஸ்டேஷனிலேயே போய்விட்டு ஏறுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீழே மண் சரிந்து மேட்டுப்பாளையம் வண்டியை ரத்து செய்தாலும் மேலே பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இருந்தாலும் கிளம்பும் முன் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ் இதைவிட வேகம். ரயிலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். எனக்கு அந்த மெதுவுதான் வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். நான் கார் ஓட்டினால் என் கண் ரோட்டில் இருக்கும், அவள் கண் போனில் இருக்கும், வளைவு வந்தால் "ஏங்க, பாத்து" என்பாள், அவ்வளவுதான் பேச்சு. ரயிலில் எனக்கு வேலை கிடையாது. மீட்டர் கேஜ் என்பதால் பெட்டியே சின்னது, எதிர் எதிரே உட்கார்ந்தால் முட்டியோடு முட்டி இடிக்கும், முகத்தைப் பார்க்காமல் வேறெங்கும் பார்ப்பதற்கு ஜன்னல் ஒன்றுதான் வழி. ஜன்னல் எப்போதும் அவளுக்கு. வெலிங்டன் வரும்போது ராணுவக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஏறுவார்கள், அடுத்து அரவங்காடு, அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை, எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதில் ஒரு சித்தப்பாவாவது வேலை பார்த்திருப்பார். கேத்தி வந்ததும் பள்ளத்தாக்கு சட்டென்று திறந்துகொள்ளும். கேரட், முட்டைக்கோஸ் பாத்திகள், நடுநடுவே ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், மேலே மேகம். அதற்கப்புறம் சுரங்கப்பாதை. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க "ஓ" என்று கத்துவது இந்த ரயிலின் எழுதப்படாத சட்டம். நாற்பதைத் தொடப்போகும் நானும் கத்துவேன். லவ்டேலில் தைல மர வாசனையோடு குளிர் உள்ளே வரும், அப்போதுதான் அவள் ஸ்வெட்டர் பட்டனைப் போடுவாள்.

முதல் வகுப்பில் மெத்தை இருக்கை, ஆள் குறைவு, நன்றாகத்தான் இருக்கும். நாங்கள் இரண்டாம் வகுப்பு. அங்கேதான் பேச்சு கிடைக்கும், சில சமயம் வேண்டாத பேச்சும் சேர்த்து.

ஒரு சனிக்கிழமை எதிரே ஒரு அம்மா, ஈரோட்டுப் பக்கமாம், மடியில் பூந்திப் பொட்டலம். எங்களுக்கும் அள்ளிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் மனைவியைப் பார்த்து, "ஏங் கண்ணு, கொழந்தை இருக்குதா?" என்றார். இருக்கிறாள் என்றதும் அடுத்த கேள்வி, "அப்ப எங்க?" அம்மாவிடம் விட்டு வந்திருக்கிறோம் என்றாள். "அட, விட்டுப்போட்டா வந்தே? அழுகாதா?" கேள்வி முழுக்க அவளிடம்தான். நானும் அதே பெஞ்சில், அதே பூந்தியைத் தின்றுகொண்டு, அதே குழந்தையை விட்டுவிட்டு வந்தவன்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா மேல் எனக்கு வருத்தம் இல்லை, வஞ்சனையில்லாமல் கேட்டவர், இறங்கும்போது பாப்பாவுக்கு என்று மீதிப் பொட்டலத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் இது எப்போதும் நடப்பது. இதே குன்னூர் மார்க்கெட்டில் பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் தக்காளி வாங்கினால், "பரவாயில்லையே, அப்பா எவ்வளவு பொறுப்பா பாத்துக்கறாரு" என்று காய்க்காரர் சொல்லி, நாலு கொத்தமல்லிக் கொத்து கூடப் போடுவார். அவள் தினமும் தூக்கிக்கொண்டு போகிறாள், அவளுக்கு இதுவரை ஒரு கறிவேப்பிலைகூடக் கொசுறு கிடைத்ததில்லை. தகப்பன் வேலைக்கு மார்க் போடுகிறவர்கள் கை ரொம்பத் தாராளம்.

அன்று அதைப் பற்றித்தான் பேச்சு போனது. பேச்சுக்கு நடுவில் நான் கொஞ்சம் கெத்தாக ஒன்றைச் சொன்னேன். இந்த ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரும் ஏற்றத்தில் இன்ஜின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். 12 அடிக்கு ஓரடி ஏறும் சரிவு அது, இழுத்துக்கொண்டு போகும்போது கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் தனியாகக் கீழே உருண்டுவிடும், தள்ளினால் அந்தப் பயம் இல்லை. முன்னால் பிரேக்ஸ்மேன் கொடியோடு நின்று பாதை பார்த்துச் சொல்வார், இன்ஜின் டிரைவருக்கு முன்னால் என்ன வருகிறது என்றே தெரியாது, கொடியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். "அப்பான்னா அப்படித்தான் இருக்கணும், பின்னாடி நின்னு தள்ளிவிடணும்" என்றேன்.

"அப்போ அம்மா யாரு? அடியில கிடக்கிற பல்லுப்பட்டையா?" என்றாள்.

அதற்குமேல் நான் தத்துவம் பேசவில்லை. (தெரியாதவர்களுக்கு: இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் பல்லாக இரண்டு இரும்புப் பட்டைகள் அருகருகே போகும், சுவிட்சர்லாந்துக்காரர் ஆப்ட் என்பவரின் முறை, 1899-ல் குன்னூர் வரை ரயில் வந்ததே அதன் புண்ணியத்தில்தான். குன்னூருக்கு மேலே அது கிடையாது, 1908-ல் ஊட்டி வரை நீட்டிய பாதையில் ரயில் சாதாரணமாகவே ஏறிவிடும். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது எங்கள் ஊரில் லட்டு கொடுத்தவர்கள் உண்டு.)

என் அப்பா டீ பேக்டரியில் இருந்தவர். ராத்திரி ஷிப்ட், காலையில் வீட்டுக்கு வந்தால் ஸ்வெட்டரில் வாடிய கொழுந்தின் வாசனை. எங்களை எங்கேயும் அதிகம் கூட்டிப்போனதில்லை. மே மாதம் சிம்ஸ் பார்க்கில் நடக்கும் பழக் கண்காட்சிக்கு மட்டும் வருஷம் தவறாமல். அங்கேயும் அவர் உள்ளே வரமாட்டார். எனக்கும் தம்பிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, "நான் இதெல்லாம் எத்தனையோ பாத்தாச்சு, நீங்க போங்க" என்று கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் ஆரஞ்சிலும் திராட்சையிலும் செய்த யானை, மயில் எல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்வரை அங்கேயே இருப்பார், ஒரு கையில் பேப்பர், இன்னொரு கையில் பாதி டீ. ஒரு டிக்கெட் காசை மிச்சம் பிடிக்கத்தான் அப்படி இருந்தார் என்று நானும் தம்பியும் பல தடவை பேசிக் கண்கலங்கியிருக்கிறோம். அவர் காரியத்துக்கு வந்தவர்களிடம்கூட இந்தக் கதையைச் சொன்னேன்.

அதை இந்த ரயிலில் வைத்து மனைவியிடம் சொன்னபோது அவள் ஜன்னலைவிட்டுத் திரும்பி, "ஏங்க, மாமாவுக்கு நிஜமாவே தனியா ஒரு மணி நேரம் உட்காரணும்னு இருந்திருக்கலாம்ல?" என்றாள்.

ராத்திரி முழுக்க மிஷின் சத்தம், பகலில் ஒரே அறை வீட்டில் இரண்டு பையன்களின் சத்தம். வருஷத்தில் ஒரு நாள், ஒரு டீ, ஒரு பேப்பர், யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். இருக்கலாம். யோசிக்க யோசிக்க அதுதான் சரி என்று படுகிறது. அந்த பெஞ்சில் அவர் முகம் தியாகம் செய்கிறவர் முகமாக இருந்ததே இல்லை, நாங்கள் சீக்கிரம் வந்துவிட்டால் லேசாகச் சலித்துக்கொள்வார். சொன்னால் சொந்தக்காரர்கள் கோபிப்பார்கள், ஆனால் எனக்கு இந்த அப்பாவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கிறது.

அவள் அதோடு விடவில்லை. "சரி, அத்தை எங்க உட்காந்தாங்க?"

அம்மா உட்காரவே இல்லை. எங்கள் இரண்டு பேரின் ஸ்வெட்டரையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அப்பா வெளியே இருந்ததைத் தியாகம் என்று சொன்ன நாங்கள், அம்மா உள்ளே வந்ததை எதுவாகவும் சொன்னதில்லை.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். ஊட்டியில் இறங்கி நாங்கள் செய்வது கொஞ்சம்தான். கார்டன், ரோஜாப் பூங்கா எல்லாம் விருந்தாளிகள் வந்தால் கூட்டிப்போகும் இடங்கள். ஸ்டேஷனிலிருந்து மார்க்கெட் வரை நடப்போம், ஒரு சாப்பாடு, ஒரு டீ, திரும்பிவிடுவோம். ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் ஒரு தடவை ஆறிய சாம்பாரை ஊற்றிவிட்டு மலையிலே அப்படித்தான் சார் என்றார்கள். பெயர் வேண்டாம், ஆனால் ஏரிக்கு எதிரே சாப்பிடாதீர்கள், மார்க்கெட்டுக்குள் போங்கள், அங்கே சுமை தூக்குகிறவர்கள் சாப்பிடும் கடைகளில் சாம்பார் கொதித்துக்கொண்டுதான் வரும். திரும்பும்போது வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் வாங்குவோம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எல்லாக் கடையிலும் பெட்டி போட்டு விற்கிறார்கள். பெட்டியைப் பார்த்து வாங்காமல் விறகு அடுப்பு வைத்திருக்கும் பேக்கரியில் சூடாகக் கட்டிக் கொடுப்பதை வாங்குங்கள், டீயில் நனைத்தால் அடுக்கடுக்காகப் பிரியும், அதுதான் பதம். என் மாமியாருக்கு அரைக் கிலோ கட்டாயம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு வெறும் கையோடு போக முடியாது.

மாலை இறங்கும் வண்டி ஏறும் வண்டியைவிட எனக்குப் பிடிக்கும். கூட்டம் களைத்திருக்கும், சுரங்கத்தில்கூடக் கத்தல் பாதிதான். எங்கள் பேச்சு அப்போது கண்டிப்பாகப் பாப்பாவிடம் போய்விடும், சாப்பிட்டாளா, மதியம் தூங்கினாளா என்று. விட்டுவிட்டு வந்ததே அவளைப் பற்றிப் பேசத்தானோ என்றுகூட இருக்கும். அதற்காக அடுத்த தடவை கூட்டிப்போக மாட்டோம்.

குறை என்றால் டிக்கெட்தான். உள்ளூர்க்காரன் காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, இன்று போகலாம் என்று முடிவு செய்கிற மாதிரி வண்டி இது இல்லை, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம். மற்றபடி ஐந்துக்கு நாலரை. அடுத்த முறைக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, அவளுக்கும் அவள் கூட வேலை பார்க்கும் டீச்சருக்கும். நான் வீட்டில் பாப்பாவோடு. இரண்டு பேரும் முதல் வகுப்பில் போகிறார்கள், அந்த மெத்தை இருக்கைக்குக் கூடுதல் காசு தகுமா என்று அவள் வந்து சொன்னதும் இங்கேயே சேர்த்து எழுதிவிடுகிறேன்.