வாழப்பாடியை அறியாத வழிகாட்டி: ஒரு ஜிபிஎஸ் கருவியுடன் பன்னிரண்டு ஆண்டுகள்

என் தங்கையின் கணவர் சென்ற மாதம் பழைய கார் ஒன்றை வாங்கினார். திரை எதுவும் இல்லாத வண்டி. சேலத்தில் ஒரு கடையில் தொடக்கநிலை ஜிபிஎஸ் கருவிகளின் பழைய சரக்கைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, "நீங்கதான் மச்சான் இத்தனை வருஷமா வச்சிருக்கீங்க, வாங்குன்னு சொன்னா வாங்கிடறேன்" என்றார். பேட்டரி உப்பிப்போன என் கருவியை நான் பழுது பார்த்துக்கொண்டு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதனால் ஒரு சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குச் சொன்னதையும், சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விவசாயக் கருவிகளுக்கான உதிரிபாகங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுப்பது என் தொழில். 2013இல் நான் இந்தக் கருவியை வாங்கியபோது, என் கைப்பேசியில் வரைபடம் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. 4.3 அங்குலத் திரை, மெமரி கார்டு, காரின் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர் என்று அந்த விலையில் எல்லோரும் கொடுத்தது எதுவோ அதுவே என்னிடமும் இருக்கிறது. திரையின் அளவைப் பற்றியோ, குரலின் இனிமையைப் பற்றியோ எனக்குப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னைத் தொடர்ந்து எரிச்சலூட்டியது வேறொன்று. இந்தக் கருவியிடம் நான் போக வேண்டிய ஊரின் பெயரைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

வாழப்பாடியை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையில் இருக்கும், எங்கள் மாவட்டத்தில் எவருக்கும் தெரிந்த ஊர். தேடல் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் மட்டும்தான் உண்டு. ‘வி’யையும் ‘ஏ’யையும் அழுத்திவிட்டு, ‘ழ’வுக்காக ‘இசட்’டைத் தேடினால் அந்த எழுத்து மங்கிப்போயிருக்கும், விரல் வைத்தாலும் அழுந்தாது. தன்னிடம் உள்ள பட்டியலில் அடுத்ததாக வரக்கூடிய எழுத்துகளை மட்டும் ஒளிரவிட்டு, மற்றவற்றை அணைத்துவிடும் விசைப்பலகை அது. கருவியின் பட்டியலில் வாழப்பாடிக்கு ‘எல்’ போட்டிருக்கிறார்கள் என்பதை நான் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது ஆனது. ‘எல்’ ஒன்றா இரண்டா, ‘பி’ ஒன்றா இரண்டா, கடைசி எழுத்து ‘ஐ’யா ‘ஒய்’யா என்ற கேள்விகள் அதற்குப் பின்னும் மிச்சமிருந்தன.

தாரமங்கலத்தில் இதற்கு நேர்மாறான துன்பம். ‘டி’க்குப் பின் ‘எச்’ போடுவதுதான் இங்கே பலருக்கும் கைப்பழக்கம். ‘எச்’சும் அழுந்தியது, ஏனென்றால் தேனியும் தஞ்சாவூரும் அந்தப் பக்கம் இருந்தன. ஆனால் தாரமங்கலம் ‘எச்’ இல்லாத பக்கத்தில் இருந்தது. எடப்பாடி ‘இ’யில் தொடங்குகிறதா ‘ஐ’யில் தொடங்குகிறதா, சங்ககிரியைப் பழைய ரயில் நிலையப் பலகைபோல் ‘சங்கரி’ என்று எழுதியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விசாரணை நடத்த வேண்டியிருந்தது. ஊரே சரியாகக் கிடைத்தாலும் எந்த ஊர் என்ற சிக்கல் தீராது. ஆத்தூர் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது, திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது, தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கிறது. மாவட்டத்தின் பெயரைக் காட்டாமல் வெறும் பெயரை மட்டும் வரிசையாக அடுக்கும் பட்டியலில், விரலை எதன்மேல் வைப்பது?

இதில் நியாயமாகவும் பேச வேண்டும். எழுத்துகளை மங்கவைக்கும் அந்த ஏற்பாடு, ஓட்டுநரின் விரலுக்கு வேலையைக் குறைப்பதற்காகச் செய்யப்பட்டது. ஓர் ஊருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் நிலைத்துவிட்ட நாட்டில் அது பெரிய உதவியாகவே இருந்திருக்கும். முதலில் மாநிலம், பிறகு ஊர், பிறகு தெரு, பிறகு கதவு எண் என்று அது கேட்கும் வரிசையும் அப்படிப்பட்ட நாட்டுக்கு உரியதுதான். என் வாடிக்கையாளர்களின் முகவரியோ "மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ச் சந்து, பால் சொசைட்டி பக்கத்தில்" என்று வரும். மாரியம்மன் கோயில் தெரு இல்லாத கிராமம் எங்கள் பக்கத்தில் அபூர்வம். கருவியைச் செய்தவர்கள் எங்கள் முகவரிகளைப் பார்த்துச் செய்யவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதை இங்கே கொண்டுவந்து விற்றவர்கள் ஒரே ஒரு நாள் எங்கள் ஊர்ச் சாலைகளில் ஓட்டிப் பார்த்திருந்தால், ஓர் ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள். இடம் நிறைய எடுக்கும் வேலையும் அல்ல அது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு கோயம்புத்தூர், தூத்துக்குடி, வேலூர் உள்ளிட்ட 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்கள் நீளமாக இருக்கின்றன, வாயில் நுழையவில்லை என்று பலர் குறை சொன்னார்கள்; சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அப்போது ஏற்பட்ட ஏமாற்றத்தை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. எழுத்து அழகாக இருக்கிறதா என்பது எனக்குப் பொருட்டாகவே தோன்றவில்லை. எல்லா வரைபடக்காரர்களும் பின்பற்றும்படி ஓர் ஊருக்கு ஒரே எழுத்துக்கூட்டல் என்று யாராவது முடிவுகட்டிவிட்டால் போதும் என்றிருந்தது.

எழுத்தில் தோற்ற பிறகு எண்ணைப் பிடித்தேன். ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வீட்டுக் கணினியில் பார்த்துக் குறித்துக்கொண்டு கருவியில் இட்டால், அது மறுபேச்சின்றிக் கொண்டுபோய்விடும். இந்த வசதி இல்லாத கருவியைப் பாதி விலைக்கு அல்ல, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பேன். ஆனால் அதிலும் ஒருமுறை ஏமாந்தேன். ராசிபுரத்துக்கு அருகே ஒரு தோட்டத்துக்கு 11.46, 78.17 என்று குறித்துக்கொண்டு போயிருந்தேன். கருவியோ பாகையும் (டிகிரி) கலையுமாக (மினிட்) எண்களை வாங்கும் அமைப்பில் இருந்தது. 11 பாகை 46 கலை என்று எடுத்துக்கொண்டது. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால், 46 கலை என்பது தசமத்தில் 0.77 பாகை ஆகிவிடும், நான் குறித்த 0.46ஐவிட 0.31 பாகை கூடுதல். அட்சரேகையில் ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் வடக்கே 34 கிலோமீட்டர் தள்ளிப்போகிறது. சேலத்திலிருந்து தெற்கே போக வேண்டிய எனக்கு, அது சேர்வராயன் மலையின் கிழக்குச் சரிவுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. ஏற்காட்டுச் சாலையில் திரும்பச் சொன்னபோதுதான் விழித்துக்கொண்டேன். வாங்கிய அன்றே அமைப்புப் பக்கத்தில் தசமப் பாகையைத் தேர்ந்துகொள்வது நல்லது.

இத்தனையும் சொன்ன பிறகு, கொல்லிமலையில் கழிந்த ஓர் ஐப்பசி இரவைச் சொல்லாமல் விட்டால் அது இந்தக் கருவிக்குச் செய்யும் துரோகமாகும். சோளக்காட்டில் ஒரு பம்புசெட்டுக்குப் பாகம் மாற்றிவிட்டுப் புறப்படும்போது இருட்டிவிட்டது. மழை நின்று பனிமூட்டம் இறங்கியிருந்தது. காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். கைப்பேசியில் சிக்னல் இல்லை. முகப்பு விளக்கின் ஒளி பனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்தது. அந்த நேரத்தில் சின்னத் திரையில் அடுத்த வளைவு இடமா வலமா, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பது கோடாகத் தெரிந்துகொண்டே வந்தது. இரண்டு மூன்று இடங்களில் வண்டிக்குறி மேல்சாலையிலிருந்து கீழ்ச்சாலைக்குத் தாவியது உண்மைதான். சாலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அத்தனை நெருக்கமாக மடிந்து கிடக்கும் இடம் அது. மற்றபடி, ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்தே ஒடித்தேன். பின்னிருக்கையில் இருந்த என் உதவியாளர் பையன் கடைசி வளைவு வரை எண்ணிக்கொண்டு வந்தான்.

இதற்குக் காரணம் எளிமையானது. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பேசுவதைக் கருவி கேட்டால் மட்டும் போதும். அது எதையும் திருப்பிப் பேச வேண்டியதில்லை, இடையில் கைப்பேசிக் கோபுரமும் தேவையில்லை. நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்துவிட்டால் இடமும் உயரமும் நேரமும் கணக்காகிவிடும். ஆனால் அவை பேசும் வேகம் நொடிக்கு 50 பிட் மட்டுமே. ஒரு செயற்கைக்கோள் தன் பாதையைத் துல்லியமாகச் சொல்லி முடிக்கும் பாடம் 30 நொடிக்கு ஒருமுறை வருகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய பொதுப் பட்டியல் முழுவதும் வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். கைப்பேசி இந்த விவரங்களை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்வதால் சட்டென்று இடத்தைக் காட்டுகிறது. தனிக்கருவி வானத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி மாற்றிய அன்று கருவி எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தது; மொட்டைமாடியில் கால் மணி நேரம் வைத்திருந்த பிறகே இடத்தைப் பிடித்தது. வாங்கிய புதிதில் இது தெரியாமல், கருவி கெட்டுவிட்டது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

பழுதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடியிலேயே கருவியை விட்டுவிட்டு இறங்கியது என் தவறு. லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டைத் தாங்காது. கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் 600 ரூபாய்க்கு வேறு பேட்டரி வைத்துக் கொடுத்தார்கள். சார்ஜர் வயரைத் தொலைத்துவிட்டுச் சாதாரண மினி யுஎஸ்பி வயரைச் செருகினால், சில கருவிகள் கணினியோடு இணைந்துவிட்டதாக எண்ணி வழிகாட்டுவதை நிறுத்திவிடும். என்னுடையது அந்த வகை.

பழைய சரக்கை வாங்க நினைப்பவர்கள் தேதியையும் சோதிக்க வேண்டும். ஜிபிஎஸ் வாரங்களை எண்ணும் எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரல் 7 விடியற்காலையில் அது நிகழ்ந்தபோது என் கருவி 1999 ஆகஸ்ட் 22க்குப் போய்விட்டது. முழு வாரங்கள் மட்டுமே கழிந்ததால் இரண்டும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருந்தன. இடமும் வழியும் தவறவில்லை. புதிய மென்பொருள் ஏற்றிய பிறகு தேதி சரியானது. ஏற்றாத பெட்டிகள் இன்னும் கடைகளில் இருக்கக்கூடும்.

வரைபடம்தான் கடைசிக் குறை. தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010இல் புது எண்கள் வந்தபின் 7 என்பது 44 ஆனது. சேலத்திலிருந்து கோவைக்கும் கொச்சிக்கும் போகும் 47, 544 ஆனது. 2013இல் வாங்கிய என் கருவி பழைய எண்களையே சொன்னது. வாழ்நாள் முழுவதும் இலவசப் புதுப்பிப்பு என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தார்கள்; சில ஆண்டுகளில் அது நின்றுவிட்டது. கேட்டபோது, வாழ்நாள் என்றால் அந்த மாடலின் வாழ்நாள் என்று விளக்கம் வந்தது. புதிய புறவழிச்சாலைகளில் போகும்போது என் வண்டிக்குறி இன்றும் வெறும் வயலில்தான் ஓடுகிறது.

ஆகவே மாப்பிள்ளையிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்த கைப்பேசி, சிக்னல் இல்லாத மலையிலும் இதே வேலையைச் செய்துவிடும். வாழப்பாடியைப் பேச்சுவழக்கில் சொன்னாலும் கண்டுபிடித்துவிடும். கொல்லிமலை இரவுக்காக நான் இந்தக் கருவிக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பது, இன்னொருவர் அதற்குப் பணம் கொடுப்பதற்குக் காரணமாகிவிடாது. ஆசை விடவில்லையென்றால் கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, வாழப்பாடி, தாரமங்கலம், ஆத்தூர் என்று மூன்றையும் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்தே கூப்பிட்டார். "தாரமங்கலம் வரவே மாட்டேங்குது மச்சான்" என்றார். ‘எச்’ இல்லாமல் போட்டுப் பாருங்கள் என்றேன், வந்துவிட்டது. வாழப்பாடிக்கு ‘எல்’ போடச் சொன்னேன், அதுவும் வந்தது. ஆத்தூர் மூன்று வந்தன, மாவட்டப் பெயர் இல்லாமல். கருவியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள் என்று சொன்னேன். அவர் கைப்பேசியை வைப்பதற்கு முன்பு, கண்ணாடியில் ஒட்டும் தாங்கி மட்டும் தனியாகக் கொடுப்பார்களா என்று கேட்கச் சொன்னேன். என்னுடையது வெயிலில் விளிம்பு விரிந்து, வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் கழன்று விழுகிறது. வெள்ளிக்கிழமை சோளக்காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது.