களுவாஞ்சிகுடி 'ஐயாட பாமசி'

போர்ட்டில் வேறு பெயர் இருக்கிறது. ஆனால் களுவாஞ்சிகுடி பிரதான வீதியில் இறங்கி 'ஐயாட பாமசி' என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். மண்டூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து வந்த நேரம், அம்மாவுக்கு மருந்து எடுக்கப் போனேன். மருந்துத் துண்டைக் கையில் வாங்கிய ஐயா அதைப் பார்க்கவேயில்லை.

"எந்த ஊர் மனே?"

"மண்டூர்."

"ஆர்ர மகன்?" சொன்னேன். "அம்மா என்ன குடி?"

பாமசியில் நின்று குடி, அதாவது தாய்வழி வம்சம், கேட்கிற ஆளை வேறெங்கும் கண்டதில்லை. அதையும் சொன்னேன். அவருடைய குடியும் அதுதானாம். "அப்ப அம்மா எனக்குத் தங்கச்சி முறை. நீ மருமகன்" என்று கணக்கை முடித்துவிட்டு, அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கேட்டார். போனில் படம் இருந்தது.

போன மாதம் ஒரு தனியார் டொக்டர் எழுதிய பிரசர்க் குளிசையைத் திரும்ப வாங்கத்தான் போயிருந்தேன். ஐயா துண்டையும் படத்தையும் பக்கத்தில் வைத்து விரலால் தட்டினார். கிளினிக்கில் கொடுப்பது அம்லோடிபின். துண்டில் இருந்ததும் அதேதான், கம்பனிப் பெயரில்.

"ரெண்டும் ஒண்டு மருமகன். அம்மாக்குக் கால் வீங்கியிருக்கா?"

வீங்கித்தான் இருந்தது. உப்பைக் குறைக்கச் சொல்லி வீட்டில் எல்லாரும் அவவை ஏசிக்கொண்டிருந்தோம். இந்தக் குளிசை கூடினால் கால் வீங்கும் என்று ஐயா சொல்லித்தான் தெரியும். அங்கேயே டொக்டருக்குப் போன் எடுத்துப் பேசி, என்னிடமும் தந்தார். குளிசையை விற்கவில்லை. கம்பனிப் பெயரை விட்டு மருந்தை மூலப்பெயரில் எழுதச் சொல்லி மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் பாடுபட்டது சும்மாவா!

இன்சுலின் மட்டும் தந்தார். 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டிய சாமான் அது. புட்டியைப் பேப்பரில் சுற்றி, ஐஸ் பையை அதற்கு வெளியே வைத்துக் கட்டினார். "ஐஸ் முட்டக் கூடா, உறைஞ்சா மருந்து பழுது. பாதைய விட்டா மறுகா பட்டிருப்புப் பாலத்தாலதான் சுத்தணும், ஓடு." வாவியைக் கடக்கிற மிதவைப் படகைத்தான் பாதை என்போம்; குருமண்வெளிப் பாதை எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்பதும் அவருக்குப் பாடம்.

குறையும் உண்டு. உங்கள் வருத்தம் வரிசையில் நிற்கிற முழுச் சனத்துக்கும் தெரிந்துவிடும், ஐயாவின் குரல் அப்படி. எனக்கு முன்னால் நின்ற பொடியன் மூலத்துக்கு மருந்து கேட்டுப் பட்ட பாடு பாவம். இரகசிய வருத்தமென்றால் மட்டக்களப்பு ரவுனுக்குப் போங்கள். காட் எடுக்கமாட்டார், காசு கொண்டுபோக வேண்டும். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்தினால் எப்போது திறப்பார் என்று சொல்லேலாது.

ஆதார வைத்தியசாலையில் கிளினிக் உள்ள நாளில் காலையில் போகாதீர்கள், சனம் அள்ளும். போகும்போது வீட்டில் இருக்கிற பழைய குளிசைக் காட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், எல்லாவற்றையும் கொட்டிப் பார்ப்பார்.