பெயர் வெட்டிய பாத்திரங்கள்: காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் செல்வோருக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டு வரவேற்பறையில் வைக்க அழகான பொருள் ஒன்றை வாங்கும் எண்ணத்துடன்தான் வருகிறார்கள். அதில் தவறில்லை, அப்படி வருகிறவர்களையும் இந்தக் கடைகள் வெறுங்கையுடன் அனுப்புவதில்லை. ஆனால் செட்டிநாட்டு வீடுகளுக்குள் மூன்று நான்கு தலைமுறைகள் எப்படி வாழ்ந்தன, எதைச் சேர்த்தன, எதை எண்ணி அஞ்சின என்பதைக் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இந்தத் தெருவைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கானாடுகாத்தானிலும் பிற ஊர்களிலும் இன்று பார்வைக்குத் திறந்திருக்கும் பெரிய வீடுகளில் முகப்பையும் பட்டாலை என்ற கூடத்தையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அங்கே நாம் பார்ப்பது வீட்டார் ஊருக்குக் காட்ட விரும்பிய பகுதி. ஊருக்குக் காட்டாமல் இரண்டாம் கட்டு அறைகளில் பூட்டி வைத்திருந்தவையெல்லாம் இந்தக் கடைகளில்தான் கிடக்கின்றன.

தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது பாத்திரங்களின் எண்ணிக்கை. பித்தளைச் சருவம், அண்டா, தவலை, அடுக்கு, கூஜா, தூக்குவாளி என்று தரையிலிருந்து கூரை வரை குவிந்திருக்கின்றன. ஒரே அளவில், ஒரே வார்ப்பில் பத்துப் பன்னிரண்டு பாத்திரங்கள் ஒரே வீட்டிலிருந்து வந்திருப்பதையும் காணலாம். ஒரு வீட்டுக்கு எதற்கு இத்தனை என்ற கேள்வி யாருக்கும் எழும். செல்வச் செருக்கு என்று சொல்லி முடித்துவிட்டால் அந்த வாழ்க்கையின் முக்கியமான ஒழுங்கு ஒன்று நம் கண்ணில் படாமலே போய்விடும். கடல் கடந்து வட்டித்தொழில் செய்த நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பங்களில் திருமணமான ஒவ்வொரு மகனும் அவன் மனைவியும் தனிப் புள்ளியாகக் கணக்கிடப்பட்டனர். அனைவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தாலும், வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள இரட்டை அறைகளில் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, புதிய தம்பதியர் தங்கள் சமையலைத் தனியாகத் தொடங்குவார்கள். இதையே வேறு வைத்தல் என்பார்கள். ஆகவே பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டார் ஓர் அடுப்பங்கரையை அதன் கடைசிக் கரண்டி வரை முழுமையாகக் கொடுத்தனுப்ப வேண்டியிருந்தது. கடையில் குவிந்து கிடக்கும் சாமான்களை இந்த வழக்கம் தெரிந்து பார்க்கிறவருக்கு அவற்றில் ஒரு கூட்டுக் குடும்பத்தின் சட்டமே தெரியும். சொத்து பொது, உலை மட்டும் தனி என்ற ஏற்பாட்டை வேறெந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

பாத்திரத்தை வாங்கும்முன் கவிழ்த்து அடியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சீர்வரிசையாக வந்த பெரும் பாத்திரங்களில் பலவற்றின் அடியில் கரியின் தடமே இருக்காது. உள்ளே ஈயம் பூசிய அடையாளமும் இருக்காது. வார்த்தவர் கையிலிருந்து வந்த அதே வழவழப்புடன் எழுபது எண்பது ஆண்டுகள் அறைக்குள் இருந்திருக்கின்றன. அவை சமைப்பதற்காகக் கொடுக்கப்பட்டவை அல்ல. கணவன் கடல் கடந்து போய் மூன்று ஆண்டுகள் திரும்பாமல் இருக்கும்போதும், தொழில் நொடித்துப் போகும்போதும் பெண்ணின் பெயரில் நிற்கும் சொத்தாகக் கொடுக்கப்பட்டவை. அதே குவியலின் ஓரத்தில் விலை குறைந்த ஒரு கரண்டி கிடக்கும். ஒரு கடையில் நான் எடுத்துப் பார்த்த இரும்புக் கரண்டியின் வாய் இடப்பக்கம் மட்டும் தேய்ந்து, பிறை வடிவில் குறைந்திருந்தது. வலக்கையால் பிடித்துச் சட்டியின் அடியைச் சுரண்டும் ஒருவரிடம் பல ஆண்டுகள் இருந்தாலன்றி ஒரு கரண்டி அப்படித் தேயாது. கரியே படாத அண்டாவையும் தேய்ந்துபோன கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அந்த வீட்டின் உண்மையான வாழ்க்கை புலப்படுகிறது. என் கருத்தில் அந்தக் கரண்டியே இரண்டில் அதிக மதிப்புள்ள பொருள். ஆனால் எந்தக் கடையிலும் அதன் விலை அப்படிச் சொல்லப்படுவதில்லை.

இந்தத் தெருவின் தனிச்சிறப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பாத்திரங்களில் வெட்டப்பட்டிருக்கும் பெயர்களைத்தான் சொல்வேன். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது தமிழ்நாடு முழுவதும் உள்ள வழக்கம். செட்டிநாட்டில் அது மிகுந்த ஒழுங்குடன் நடந்திருக்கிறது. பாட்டனின் முதலெழுத்து, தந்தையின் முதலெழுத்து, சில நேரங்களில் ஊர் என்று குடும்ப விலாசத்தை வரிசையாக வெட்டியிருப்பார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடையின் பெயர்ப்பலகையில் எழுதிய அதே விலாசம் ஊரில் ஆச்சியின் தூக்குவாளிக் காதிலும் இருக்கும். ஒரே பாத்திரத்தில் இரண்டு விலாசங்கள் இருந்தால், பெண் கொடுத்த வீடு எது, எடுத்த வீடு எது என்று ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். நான் கேட்டபோது ஒரு கடைக்காரர், “இது கண்டனூர் வீட்டுச் சாமான்ங்க, பேரைப் படிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டின் மூன்று பங்காளிகளும் எந்தெந்த ஊருக்குப் போனார்கள் என்பது வரை விவரமாகச் சொன்னார். அவரைப் போன்றவர்கள் இருக்கும் வரை இந்தத் தெருவை வெறும் கடைத்தெரு என்று சொல்ல மாட்டேன்.

எனாமல் சாமான்கள் இங்கே நிறையக் கிடைக்கின்றன. அடிப்பகுதியில் உள்ள முத்திரையைப் படித்தால் சுவீடனின் கோக்கும்ஸ் நிறுவனத்தின் பெயரும், ஆஸ்திரியா, செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் பெயர்களும் தென்படும். காலத்தைக் கணிக்க இந்த முத்திரைகளே போதும்: செக்கோஸ்லோவாகியா என்ற நாடு 1918-இல்தான் பிறந்தது, ஆக்கிரமிப்பு ஜப்பானில் செய்யப்பட்டது என்ற பொருள்பட முத்திரை இருந்தால் அது 1945-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. பித்தளையில் புளிப்பான பண்டம் வைக்க வேண்டுமானால் ஈயம் பூசியாக வேண்டும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சைச் சுட்டு ஒட்டிய எனாமலுக்கு அந்தத் தொல்லை இல்லை. தயிரும் புளிக்குழம்பும் அன்றாடம் புழங்கும் அடுப்பங்கரையில் சுவீடன் நாட்டுப் பாத்திரம் குடியேறியதற்கு ஆடம்பரம் மட்டுமே காரணமல்ல. வாங்கும்போது பூச்சு பெயர்ந்த இடங்களைப் பாருங்கள். வெளி விளிம்பில் பெயர்ந்திருந்தால் பாதகமில்லை. உட்புறம் பெயர்ந்து துருவேறியிருந்தால் அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும்.

இத்தனை சாமான்களையும் சேர்த்துக் கொடுத்த ஆண்கள் தங்களுக்கென்று எவ்வளவு வைத்துக்கொண்டார்கள் என்பதற்குச் சான்றாக இருப்பவை கணக்குப் பெட்டிகள். சாய்வான மூடி, உள்ளே காசுக்கும் மைக்கூட்டுக்கும் சிறு அறைகள், சிலவற்றில் விரலை ஓட்டித் தேடினால் மட்டும் அகப்படும் மறைவான இழுப்பறை. சம்மணமிட்டு உட்காருகிறவரின் மடியளவு உயரம்தான் இருக்கும். ரங்கூனின் மொகல் தெருவிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளில், அதாவது வட்டித்தொழில் நடந்த கட்டடங்களில், நீண்ட கூடத்தில் வரிசையாக உட்கார்ந்த ஒவ்வொரு முகவருக்கும் இத்தகைய பெட்டியும், ஓர் அலமாரியும், அதன் முன்னால் பாய் விரிக்கும் இடமுமே உலகம். பகலில் அந்தப் பாயில் வட்டிக் கணக்கு எழுதுவார். இரவில் அதே இடத்தில் படுப்பார். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகே ஊர் திரும்புவார். அவருக்காக ஊரில் கட்டப்பட்டிருந்த வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீண்டிருக்கும். பெட்டியின் மூடியில் முழங்கை ஊன்றிய இடம் பளபளப்பேறி, மரத்தின் நிறமே மாறியிருப்பதைப் பல பெட்டிகளில் பார்க்கலாம். வாங்குகிறவர் தயவுசெய்து அதன்மேல் வார்னிஷ் பூசிவிடாதீர்கள்.

பெண்களின் கைவேலைக்குச் சான்றாக இருப்பவை சாமி படங்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் படங்களும் ஜெர்மனியில் அச்சான படங்களும் வீடுதோறும் வந்து சேர்ந்தபோது, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் துணி வெட்டி, சரிகையும் ஜிகினாவும் பாசிமணியும் வைத்துத் தைத்து உடுத்தியிருக்கிறார்கள். அச்சு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். புடவை மட்டும் அந்த வீட்டுக்கே உரியது. இவற்றில் போலிகள் மிகுதி என்பதையும் சொல்ல வேண்டும். நூல் மங்காமல் காகிதம் மட்டும் பழுத்திருந்தால் சற்று யோசித்து வாங்குங்கள்.

இந்தப் பொருள்களெல்லாம் ஏன் தெருவுக்கு வந்தன என்பதை அறியாமல் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய உழவர்களால் திருப்பிக் கட்ட முடியாமல் போனபோது, கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கேட்டு வாங்கிய நிலமல்ல. விற்கவும் முடியாத நிலம். அங்கே நிலத்தை இழந்த பர்மிய உழவர்களின் துயரமும் இந்தச் சாமான்களின் கணக்கில் சேர்ந்ததுதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு வந்தது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கத் தொடங்கியது. வருமானம் நின்ற பிறகு வீடு மட்டும் எஞ்சியது. தலைமுறை தோறும் புள்ளிகள் பெருகின. பலர் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட, ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்கள் ஆனார்கள். ஓட்டைப் பிரித்து மேயக்கூட அனைவரின் சம்மதமும் வேண்டும் என்ற நிலையில், பலருக்கும் உடன்பாடான ஒரே முடிவு பிரித்து விற்றுவிடுவது என்றாகிவிட்டது. தூண், நிலை, கதவு, உத்தரம் எல்லாம் தனித்தனியாக விலைக்கு வந்துவிட்டன.

கடைகளின் தரத்தைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். எல்லாக் கடைகளும் ஒரே மாதிரி இல்லை. பொருளின் ஊரையும் வீட்டையும் கேட்டால் ஆர்வத்துடன் சொல்லும் கடைகள் சில உண்டு; அங்கே நேரம் செலவிடுங்கள், விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். வேறு சில கடைகளில் விலாசத்தை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, பாத்திரம் முழுவதையும் தங்கம் போல் மின்ன வைத்து விற்கிறார்கள். வெளியூர் வாடிக்கையாளர்கள் அடுத்தவர் பெயர் வேண்டாம் என்கிறார்களாம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்த செயல். அந்தப் பெயரை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எடைக்குப் போடக்கூடிய பித்தளை மட்டுமே. ஆகவே கேட்டு வாங்குகிறவர்கள் பெயர் உள்ளதையே கேளுங்கள், மெருகேற்றாத நிலையில் கேளுங்கள். கேட்பவர் பெருகினால் அரத்துக்கு வேலை இருக்காது.

இன்னொரு வேண்டுகோள், குடும்பப் புகைப்படங்களைப் பற்றியது. சட்டமிட்ட திருமணப் படங்களும், ரங்கூன் ஸ்டுடியோவில் நாற்காலியின் கையைப் பிடித்தபடி நிற்கும் சிறுவர்களின் படங்களும் சில கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. உணவகச் சுவர்களில் மாட்டுவதற்காக அவற்றை மொத்தமாக வாங்கிச் செல்கிறவர்களும் உண்டு. பாத்திரத்தையும் பெட்டியையும் விற்பதில் எனக்கு மறுப்பில்லை. முகங்களை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வீட்டாரைத் தெரிந்த கடைக்காரர்கள், படங்களை முதலில் அவர்களிடமே திருப்பித் தர முயல வேண்டும் என்று விரும்புகிறேன்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்களும், எழுபத்தைந்து ஆண்டுகளைக் கடந்த வரலாற்று மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் பெரிய பொருளை வாங்கும்முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய உலோகத் திருமேனிகளையும் கற்சிலைகளையும் யார் காட்டினாலும் ஒதுங்கிவிடுங்கள்.

மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பேருந்து வசதி நன்றாக உள்ளது. காலையில் செல்லுங்கள், உள்ளறைகளில் வெளிச்சம் போதாது என்பதால் முத்திரைகளையும் வெட்டெழுத்தையும் வாசலுக்கு எடுத்து வந்து பார்க்க வேண்டியிருக்கும். முதல் விலையைச் சொன்னதும் பேரத்தைத் தொடங்காமல், எந்த ஊர் வீடு, எந்த அறையிலிருந்து வந்தது, யாருடைய விலாசம் என்று கேளுங்கள். பதிலை விலைச்சீட்டின் பின்புறம் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்காத கடைக்கு நான் மீண்டும் போவேன். எனாமல் சாமான்களை அனுப்பச் சொல்வதானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைக்கோலில் சுற்றச் சொல்லுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வழியிலேயே விளிம்புகள் பெயர்ந்துவிடும்.