ஒயிலில் கலந்தது பெற்றோலா, தண்ணீரா: மலைநாட்டுப் படகு எஞ்சினுக்கு எந்தச் சோதனை பொருந்தும்?

நுவரெலியாவின் கிரகரி வாவியிலோ காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ ஓடும் படகொன்றின் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒயில் மட்டம் ஏறியிருந்தால், உள்ளே கலந்திருப்பது பெற்றோலா, தண்ணீரா, இரண்டுமா என்பதைப் பிரித்தறியாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது. இதற்கு ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியைப் பார்த்து முகர்தல், போத்தலில் தெளிய விடுதல், சூடான தட்டில் துளி விடுதல், மையொற்றும் தாளில் துளி விடுதல், பாகுத்தன்மையை ஒப்பிடுதல், ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் எனப் பல வழிகள் வழக்கத்தில் உள்ளன. எல்லாமே ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் பெற்றோலையும் தண்ணீரையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் திறனில் அவற்றுக்கிடையே பெரிய வேறுபாடு உண்டு. அந்த ஓர் அளவுகோலைக் கொண்டே இங்கு அவற்றை ஒப்பிடுகிறேன்.

மலைநாட்டுக்கென்று தனியாக ஓர் அலசல் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். கரையோரத்துக்கென ஜெட் (பெற்றோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம்) பொருத்திய காபரேட்டர் எஞ்சினை அப்படியே மேலே கொண்டுவந்து ஓட்டினால், குறைந்த காற்றுக்குத் தேவைக்கு மேற்பட்ட பெற்றோல் போய்ச் சேரும். எரியாமல் மிஞ்சுவது பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும். வாவியின் குளிர்ந்த நீரே எஞ்சினைக் குளிர்விப்பதாலும், சுற்றுலாப் படகுகள் மெதுவாக, குறுகிய சுற்றுகளாகவே ஓடுவதாலும், ஒயில் உரிய சூட்டை எட்டுவதே அரிது. குளிர்விக்கும் நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் திறந்தபடி இறுகிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். இதே குளிர்ச்சிதான் தண்ணீருக்கும் வழி திறக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் சிறு பங்கு கிராங்க் அறைக்குள் புகுந்து குளிர்ந்த சுவர்களில் படிந்து சொட்டும். கிரகரி வாவி மட்டத்தில் தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியஸில் கொதித்துவிடும் என்றாலும், ஒயில் அந்தச் சூட்டுக்கு அருகே கூட வராவிட்டால் அதனால் பயனில்லை. ஆகவே இங்கே பெற்றோலும் தண்ணீரும் ஒரே காரணத்தால், ஒரே நேரத்தில் கலக்கக்கூடும். ஒரு பொருளை மட்டும் தேடும் சோதனை ஏமாற்றுவதும் இதனால்தான்.

முதலாவது, ஒயில் கம்பி. செலவே இல்லாத சோதனை; அதனாலேயே பலரும் அதை அலட்சியம் செய்கிறார்கள். வாவிக்கரையில், "ஒயில் கொறையவே மாட்டேங்குது அண்ணே, நல்ல மெஷின்" என்று பெருமையாகச் சொல்வதைக் கேட்கலாம். ஓடும் எஞ்சின் சிறிதளவு ஒயிலைக் குடிப்பது இயல்பு. பல மணிநேரம் ஓடியும் மட்டம் அசையவில்லை என்றால், குறைந்த இடத்தை வேறேதோ நிரப்பியிருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். இரண்டு லீற்றர் ஒயில் கொள்ளும் எஞ்சினில் 5 சதவீதக் கலப்பு என்பது 100 மில்லிலீற்றர். கம்பியில் அது தெளிவாகத் தெரியும், மோட்டார் செங்குத்தாக நிற்கிறது என்றால். சாய்த்து உயர்த்திய நிலையிலோ, நிறுத்திய உடனேயோ பார்த்த அளவுக்கு மதிப்பில்லை. காலையில், மோட்டாரை இறக்கிவிட்டு, எஞ்சினை இயக்குமுன் பார்த்து, அளவைக் கொப்பியில் குறித்து வைப்பதே இதன் முழு பலத்தையும் தரும். கம்பியில் பெற்றோல் மணத்தால் ஐயம் வலுக்கும்; டீசல் எஞ்சினில் பழைய ஒயில் எப்போதும் ஏதோ ஒரு மணம் கொண்டிருப்பதால் மூக்கை நம்ப முடியாது. கம்பியின் நுனியில் நெருப்பு வைத்துப் பார்ப்பது இன்னும் சிலரிடம் உள்ள பழக்கம். பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் நின்று அதைச் செய்வது மடத்தனம் என்பதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை.

கம்பி அளவைச் சொல்லும். எது கலந்தது என்பதை அரைகுறையாகவே சொல்லும். ஒயில் மூடியின் உட்புறத்தில் பால்தேநீர் நிறத்தில் பசை படிந்திருந்து, கம்பியில் ஒயில் தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் பனிக்காலக் காலைகளில் படியும் ஈரமே. கம்பியிலும் அதே நிறம் வந்துவிட்டால் வெளியிலிருந்து தண்ணீர் புகுந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும்.

தண்ணீரைப் பொறுத்தவரை உண்மையான போட்டி தெளிய விடுதலுக்கும் சூடான தட்டுக்கும் இடையேதான். முன்னதைச் செய்ய, படகை இரவு முழுவதும் அசையாமல் நிறுத்தி, காலையில் ட்ரெயின் நட்டை முற்றாகக் கழற்றாமல் சில சுற்றுகள் மட்டும் தளர்த்த வேண்டும். ஒயிலின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு, ஏறத்தாழ 0.88, ஆகையால் தனித்து நிற்கும் தண்ணீர் அடியில் சேர்ந்திருந்து முதலில் கசியும். கறுத்த ஒயில் வரும் முன் நட்டின் விளிம்பில் நிறமற்ற ஓரிரு துளிகள் திரண்டு விழுவதைக் கண்ணால் காணும்போது ஐயத்துக்கு இடமிருக்காது. அவ்வாறு ஏதும் வராவிட்டால் தண்ணீர் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இன்றைய ஒயில்களில் அழுக்கைத் தாங்கிப் பிடிக்கும் சேர்மானங்கள் உள்ளன; அவை தண்ணீரையும் நுண்துளிகளாகப் பிடித்து வைத்திருப்பதால், கண்ணாடிப் போத்தலில் நாட்கணக்கில் வைத்தாலும் அது பிரியாமல் கிடக்கலாம். பெற்றோலும் டீசலுமோ ஒயிலில் முற்றாகக் கரைந்துவிடுவதால், எத்தனை நாள் வைத்தாலும் தனித்து நிற்கப்போவதில்லை. போத்தலில் எதுவும் பிரியவில்லை என்பதை வைத்து "எரிபொருள் இல்லை" என்று சொல்வது அடிப்படையிலேயே பிழை.

இந்தக் குறையைச் சூடான தட்டு நிவர்த்தி செய்கிறது. மின்சார அடுப்பின் மேல் வைத்த தகரத் தட்டு சுமார் 150 பாகைக்குச் சூடானதும், நன்றாகக் குலுக்கிய ஒயிலில் ஒரே ஒரு துளியை விட வேண்டும். தண்ணீர் இருந்தால் துளிக்குள் சிறு குமிழ்கள் எழுந்து, படபடவென்று பொரியும் ஒலி கேட்கும். பிரியாமல் ஒயிலுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீரும் இதில் சிக்கும், ஏறத்தாழ 0.1 சதவீதமே இருந்தாலும் பழகிய காதுக்கு அது கேட்டுவிடும். கம்பியில் நிறம் மாறுவதற்கு முன்பே இது எச்சரித்துவிடுகிறது. பெற்றோல் மட்டும் கலந்திருந்தால் துளி சற்றே குமிழ்ந்து மணத்தைப் பரப்பி அடங்கும். பொரியும் ஒலி இராது. இந்த ஒலி வேறுபாட்டுக்காகவே எளிய சோதனைகளில் இதற்கு முதலிடம் கொடுக்கிறேன். எனினும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பக்கத்திலேயே அதே வகைப் புதிய ஒயிலின் ஒரு துளியையும், வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்துக் குலுக்கிய புதிய ஒயிலின் ஒரு துளியையும் விட்டு, மௌனம் எப்படியிருக்கும், பொரிவு எப்படியிருக்கும் என்று காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மேலும், இதைத் திறந்த வெளியில், கண்ணாடி அணிந்து, தீச்சுவாலை எதுவும் அருகில் இல்லாமல் செய்ய வேண்டும். லயத்து விறகடுப்பு இதற்கான இடமன்று. தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் இது சொல்லாது.

மையொற்றும் தாள் சோதனைக்குக் கிடைக்கும் புகழ் அதன் தகுதிக்கு மேற்பட்டது என்பது என் எண்ணம். ஒயில் துளி பரவி, நடுவே கறுத்த புள்ளியும் சுற்றிலும் வளையங்களுமாக நிற்கும். எரிபொருள் இருந்தால் வெளி விளிம்புக்கு அப்பால் வெளிர் வளையமொன்று அகலமாகப் படரும், தண்ணீர் இருந்தால் நடுப்புள்ளியின் ஓரம் கூர்கூராகச் சிதறும். கரித்தூளின் அளவையும், அழுக்கைத் தாங்கும் ஆற்றல் ஒயிலில் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்பதையும் அறிவதில்தான் இதன் வலிமை உள்ளது. எரிபொருளைப் பொறுத்தமட்டில் மிகுதியாகக் கலந்த பிறகே வளையம் ஐயமற்றதாகத் தெரியும். நுவரெலியாவின் ஈரக் காற்றில் தாளே ஈரம் உறிஞ்சி வளையங்களை மாற்றிவிடுகிறது. தாளை முன்கூட்டியே உலர்த்தி, மூடிய பெட்டிக்குள் வைத்துப் பரவ விட்டாலொழிய ஒரு நாள் தாளை இன்னொரு நாள் தாளோடு ஒப்பிட முடியாது.

எரிபொருளுக்கு அதைவிடப் பயனுள்ளது பாகுத்தன்மை ஒப்பீடு. ஊசி இல்லாத இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளில் ஒன்றில் அதே வகைப் புதிய ஒயிலையும் மற்றொன்றில் எஞ்சின் ஒயிலையும் ஒரே அளவில் எடுத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வரும்வரை பக்கம் பக்கமாக வைத்து, அழுத்தாமல் தானாக வடிய விட்டு நேரத்தை அளந்தால், எரிபொருள் கலந்தது முந்திக்கொள்ளும். குளிரான காலையில் ஒயில் தடித்திருப்பதால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவது மலைநாட்டுக்குக் கிடைத்த வசதி. இதில் ஏமாறக்கூடிய இடம் வேறு. எரிபொருள் ஒயிலை மெலியச் செய்கிறது; நுண்துளிகளாகக் கலந்த தண்ணீரோ தடிக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்து கலந்திருந்தால் ஒன்றையொன்று ஈடுசெய்து, ஒயில் புதியதைப் போலவே வடியும். ஆகவே தட்டில் பொரிவு கேட்கவில்லை என்று உறுதிசெய்த பின்னரே சிரிஞ்சின் தீர்ப்பை ஏற்க வேண்டும். நீண்ட நாள் ஓடிய மல்டிகிரேட் ஒயில் எரிபொருள் இல்லாமலேயே ஓரளவு மெலியும். டீசல் எஞ்சினில் கரித்தூள் அதைத் தடிக்கவும் செய்யும். புதிய ஒயிலோடு மட்டும் ஒப்பிடாமல், எஞ்சின் நன்றாக ஓடிய காலத்தில் கழற்றிய ஒயிலில் ஒரு சிறு போத்தலைச் சேமித்து வைத்து அதனோடும் ஒப்பிடுவது நல்லது.

ஆய்வுகூடம் துல்லியத்தில் எல்லாவற்றையும் வெல்லும் என்பதில் ஐயமில்லை. கார்ல் பிஷர் முறை தண்ணீரை மில்லியனில் ஒரு பங்கு என்ற அளவுவரை சொல்லும். வாயு நிறப்பகுப்பு எரிபொருளின் சதவீதத்தைத் தரும். எளிய ஆய்வுகூடங்கள் தீப்பற்று வெப்பநிலை எவ்வளவு இறங்கியுள்ளது என்பதைக் கொண்டு எரிபொருளை ஊகிக்கும். ஆயினும் கரையோரத்தவர்கள் சொல்லும் ஒரு முக்கிய அனுகூலம் இங்கே கிடைக்காது. கடலில் ஓடும் எஞ்சினின் ஒயிலில் சோடியமும் குளோரைட்டும் ஏறியிருந்தால் கடல்நீர் புகுந்திருக்கிறது என்று அறிக்கையே கைகாட்டிவிடும். வாவி நீரில் அத்தகைய அடையாளம் இல்லை. புகுந்தது வாவி நீரா, உள்ளேயே படிந்த ஈரமா என்பதை அறிக்கை பிரித்துச் சொல்லாது. எஞ்சினில் தனிக் கூலன்ட் சுற்று இருந்தால் மட்டும், அதிலுள்ள கிளைக்கோலும் சேர்மானங்களும் காட்டிக்கொடுக்கும். சிறு அவுட்போட் மோட்டாருக்கு ஒயில் மாற்றும் செலவையும் அறிக்கைக்கு ஆகும் செலவையும் நாட்களையும் எடைபோட்டால், ஆய்வுகூடம் பெரிய டீசல் எஞ்சின்களுக்கும், எஞ்சின் விற்றவரோடு வழக்கு எழக்கூடிய நிலைமைகளுக்குமே பொருத்தமானது.

டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு இந்த ஒப்பீட்டில் பெரும்பகுதி பொருந்தாது. அதற்கு ஒயில் தேங்கி நிற்கும் சம்ப் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது கியர் ஒயிலை. அது பால் நிறமாயிருந்தால், நீர்த்தேக்கங்களில் அறுந்து மிதக்கும் நைலோன் தூண்டில் நூல் காற்றாடித் தண்டில் சுற்றி, அங்கே நீரைத் தடுக்கும் சீல் வளையத்தை வெட்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம்.

ஆகவே பெற்றோல் எஞ்சினுக்கு என் வரிசை இது: கம்பிக் குறிப்பு, அதன் பின் சூடான தட்டு, தட்டு மௌனமாயிருந்தால் சிரிஞ்சு. தட்டு பொரிந்தால் எஞ்சினை மேலும் ஓட்டாமல் ஒயிலையும் பில்டரையும் மாற்ற வேண்டும். புதிய ஒயிலோடு குறுகிய நேரம் ஓட்டியதும் மறுபடியும் பால் நிறம் வந்தால், அது ஈரம் படிந்ததால் வந்ததன்று, ஹெட் கேஸ்கட்டையோ வெடிப்பையோ தேட வேண்டிய நிலை. கடலில் ஓடிய பிறகு மலைக்கு வாங்கிவரப்பட்ட பழைய எஞ்சின்களில், உப்பு அரித்த நீர்வழிகளை முதலில் ஐயுறுவது நியாயம்.

பெற்றோல் என்று தெரிந்தால் அதன் மூலத்தைக் கண்டறிய இன்னொரு சோதனையே போதும். ஒயிலை மாற்றி, தேர்மோஸ்டாட் சரியாக மூடுகிறதா என்று பார்த்து, படகை மெதுவான சுற்றுகளுக்குப் பதிலாக நல்ல சுமையோடு தொடர்ச்சியாக ஓட்டி, ஒயிலைச் சூடாக விட வேண்டும். பெற்றோல் ஆவியாகும் பொருளாகையால், குளிர்ச்சியும் மிகுந்த எரிபொருள் கலவையும் மட்டுமே காரணமாயிருந்தால் மட்டம் ஏறாமல் நிற்கும்; அப்போது உயரத்துக்கேற்ற ஜெட்டைப் பொருத்துவதே மருந்து. அப்படி ஓட்டியும் மட்டம் ஏறினால், எரிபொருள் பம்பினுள் உள்ள டயபிரம் என்ற சவ்வு கிழிந்திருக்கிறதா என்று தேடலாம். சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்கள் பலவற்றில் அந்தப் பம்ப் எஞ்சினின் உடலோடு ஒட்டியே இருப்பதால், கிழிசல் நேரே ஒயிலுக்குள் வழிவிடும். டீசலுக்கு இந்தச் சூடேற்றும் வழி செல்லாது. அது எளிதில் ஆவியாகாததால், கலந்தது கலந்ததுதான். ஒயிலை மாற்றிவிட்டு இன்ஜெக்டர்களையும் பம்பையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.