கிற்றார் அம்புக்கு முன்னே ஒலிவாங்கி: நடுவிலா, விளிம்பிலா, தள்ளியா?

மின் கிற்றாரை வீட்டில் பதிவு செய்ய விரும்பும் திருகோணமலை இளைஞர்கள் எந்த ஒலிவாங்கியை வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். 1965 இல் வெளிவந்து இன்றும் உலகெங்கும் அம்புகளுக்கு (கிற்றார் ஒலியைப் பெருக்கி வெளியிடும் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு) முன்னே நிற்கும் ஷூர் எஸ்எம்57 ஒலிவாங்கி ஒன்றே, வைக்கும் இடத்தைப் பொறுத்து வெவ்வேறு கருவிகள் போல ஒலிக்கும் என்பதால், இடத்தைப் பற்றிய கேள்வியே முதன்மையானது.

ஸ்பீக்கரில் அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பான கோனின் நடுவிலுள்ள வட்ட மூடிக்கு நேரே வைத்தால் உச்ச அலைவரிசைகள் மிகுந்து வரும். பைலாப் பாட்டுக்கு வாசிக்கும் சுத்தமான தாளக் கிற்றார் மற்றக் கருவிகளுக்கிடையே தெளிவாகக் கேட்க இது உதவும். டிஸ்ரோர்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவு) ஏற்றிய கிற்றாருக்கோ காதைக் குத்தும். வெளி விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்த ஒலி மங்கி, நரம்பைத் தட்டும் கூர்மை போய்விடும். மூடியும் கோனும் சேரும் கோட்டையே நான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பேன். கைப்பேசி விளக்கை அம்பின் முன்துணிக்கு நெருக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் அந்தக் கோடு பெரும்பாலும் தெரியும். அதில் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிட்டு, ஒருவர் வாசிக்க மற்றவர் ஹெட்போனில் கேட்டபடி ஒலிவாங்கியை ஒவ்வொரு சென்ரிமீற்றராக நகர்த்த வேண்டும். 45 பாகை சாய்ப்பதும் உச்சத்தைக் குறைக்கும், ஆனால் நேராக வைத்து நகர்த்துவதில் மாற்றத்தைக் கணிப்பது எளிது.

நெருக்கமா, தூரமா என்பதில் நம் ஊர் வீடுகளைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஓரிரு சென்ரிமீற்றரில் வைத்தால், ஒருதிசை ஒலிவாங்கிகளுக்கே உரிய அண்மை விளைவால் அடியொலி தடிக்கும். முப்பது சென்ரிமீற்றர் பின்னுக்கு இழுத்தால் அது இயல்பாகி, அறையும் சேர்ந்து பேசத் தொடங்கும். நல்ல ஸ்ரூடியோவில் அது அழகு. உவர்மலையிலோ உப்புவெளியிலோ சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் தகரக் கூரையும் கொண்ட அறையில், எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும், வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கூரையில் அடிக்கும் மழையும் பதிவுக்குள் வந்துவிடும். எனவே இங்கே நெருக்கமே மேல். தூரம் வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவர்கள் அம்பைத் தரையிலிருந்து கதிரைமேல் உயர்த்தி, எதிர்ச்சுவரில் பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைக்கட்டும். எட்டு வடிவில் முன்னும் பின்னும் ஒலி வாங்கும் ரிபன் வகை ஒலிவாங்கிக்கு இந்த ஏற்பாடு இன்னும் அவசியம்.

இரண்டு ஒலிவாங்கிகளின் கலவை செழிப்பானது, ஆனால் பாதைத் தூரங்கள் 17 சென்ரிமீற்றர் வேறுபட்டாலே 1,000 ஹேட்ஸ் பகுதியில் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றைச் சரியாக வைக்கப் பழகும்வரை இரண்டாவதைத் தவிர்ப்பது நல்லது. பழகிய பின், இரண்டின் தலைகளையும் துணியிலிருந்து சம தூரத்தில் வைத்து, ஒன்றின் முனைவை மாற்றி (அதன் ஒலியலையைத் தலைகீழாக்கி), சேர்ந்த ஒலி மிக மெலிந்து கேட்கும்வரை நகர்த்திவிட்டு, முனைவைப் பழையபடி திருப்பினால் ஒலி முழுமையாக வந்து சேரும்.