முன் கண்ணாடியில கல்லடி: ரெசினா, ஷோரூம் கண்ணாடியா, வெளிக்கடையா, க்ளெய்மா?

மூணு வருஷத்துல என் கார் முன் கண்ணாடியில ரெண்டு தடவ கல்லடி பட்டுச்சுங்க. ரெண்டும் கோயம்புத்தூர்–சேலம் என்.எச். 544-லதான், ரெண்டு தடவையும் முன்னாடி போனது ஜல்லி லாரி. மொத தடவ 7,200 ரூபா போச்சு. ரெண்டாவது தடவ 900 ரூபாயில முடிஞ்சிருச்சு. ரெண்டுமே ஒரு ரூபா காசுக்குள்ள அடங்கிப்போற அளவு சில்லுதான். கல்லு பட்டதுக்கப்புறம் மொத ரெண்டு நாள்ல என்ன பண்ணுனேங்கிறதுலதான் அந்த 6,300 ரூபா வித்தியாசம். நடுவுல மச்சான் வண்டிக்கும் அடி பட்டு அவருக்கு கேமரா வெச்ச எஸ்.யு.வி.ங்கிறதால கணக்கே வேற மாதிரி ஆயிருச்சு. அதனால எனக்கு தெரிஞ்ச எல்லா வழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதறேன், யாருக்காவது ஒரு கண்ணாடி காசு மிச்சமானா போதும்.

மொதல்ல இது ஏன் இவ்ளோ சுலபமா விரிசல் விடுதுன்னு பாத்துருவோம், ஏன்னா எந்த வழி சரின்னு அதுலருந்துதான் வருது. டோர் கண்ணாடி டஃபன்டு, அதாவது சூடு பண்ணி கெட்டிப்படுத்துனது, உடஞ்சா கல்கண்டு மாதிரி கொட்டிரும். முன் கண்ணாடி அப்படி கெடயாது, சுமார் ரெண்டு ரெண்டு மில்லிமீட்டர்ல ரெண்டு கண்ணாடி, நடுவுல பி.வி.பி.ங்கிற பிளாஸ்டிக் ஷீட்டு, அது முக்கால் மில்லிமீட்டர் இருக்கும். உடஞ்சாலும் மூஞ்சில கொட்டாம அந்த ஷீட்டு புடிச்சுக்கும். ஆனா அந்த ரெண்டு கண்ணாடியும் டஃபன்டு பண்ணாத சாதா கண்ணாடி, கல்லு பட்டா வெளிப்பக்க கண்ணாடியில சில்லு எடுக்கும், அந்த சில்லோட ஓரத்துல கண்ணுக்கு தெரியாத முடி விரிசல் நிக்கும். வெயில்ல காயுது, உள்ள ஏசி அடிக்குது, ஸ்பீடு பிரேக்கர்ல பாடி முறுக்குது, விரிசலுக்குள்ள ஈரம் போகுது, இதுல எது வேணா அத இழுத்து விட்டுரும். வேகமும் முக்கியம், 100-ல போற வண்டிய 80-க்கு எறக்குனா ரோட்டுல கெடக்குற கல்லு மோதுற பலம் மூணுல ஒரு பங்குக்கு மேல கொறஞ்சிரும், ஏன்னா அது வேகத்தோட வர்க்கத்துல ஏறுற விஷயம். காரணம்பேட்டை பக்கம் கிரஷர்லருந்து வர்ற டிப்பர் எல்லாம் தார்ப்பாய் கட்டி வந்தாலே பாதி பிரச்சன தீரும், கட்டுறதில்ல, அத நெனச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது. டிப்பர் பின்னாடி ஒட்டிட்டு போகாதீங்க, விட்டு போங்க இல்லன்னா தாண்டி போயிருங்க.

சரி, மொத வழி, சும்மா விடறது. மொத தடவ நான் பண்ணுனது இதுதான். சின்ன புள்ளிதானே, சர்வீஸ் வரும்போது பாத்துக்கலாம்னு விட்டேன். அது ஏப்ரல் மாசம். மூணாவது வாரம் அவினாசியில ஒரு கல்யாணத்துக்கு போயி மண்டபத்துக்கு வெளிய மூணு மணி நேரம் உச்சி வெயில்ல நிப்பாட்டிட்டு, வந்து ஏறுன உடனே ஏசிய ஃபுல்லா வெச்சு கண்ணாடி மேல அடிக்க விட்டேன், பொண்டாட்டி பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கா, டிக்குன்னு ஒரு சத்தம், புள்ளியிலருந்து ஒரு கோடு கெளம்பி அவ பக்கத்து ஓரம் வரைக்கும் போயிருச்சு. அதோட ரிப்பேருங்கிற பேச்சுக்கே எடமில்ல. சும்மா விடறது இலவசம்னு நெனக்காதீங்க, கண்ணாடி விலைய தள்ளி போடறீங்க அவ்ளோதான். ஃபெவிகுவிக் ஊத்தறது, நெயில் பாலிஷ் வெக்கிறது இதெல்லாம் அதவிட மோசம், அப்புறம் நல்ல ரெசின் உள்ள போக வழியே இருக்காது.

ரெண்டாவது வழி ரெசின் ரிப்பேர். சில்லு மேல ஒரு சின்ன பம்ப்ப ஒட்டி, உள்ள இருக்குற காத்த இழுத்துட்டு, கண்ணாடி மாதிரியே வெளிச்சத்த வளைக்கிற ரெசின உள்ள தள்ளி, யு.வி. லைட்டு வெச்சு கெட்டிப்படுத்துவாங்க. அரை மணி நேரம், முக்கா மணி நேரம். புள்ளி சுத்தமா மறஞ்சிரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எனக்கு இன்னும் லேசா ஒரு நெழல் மாதிரி தெரியுது. ஆனா விரிசல் நின்னுருச்சு, ஒன்றர வருஷமாச்சு, ரெண்டு கோட வெயில தாண்டிருச்சு, ஒரு நூல் நகரல.

இது எல்லா அடிக்கும் ஆகாது. சில்லு சின்னதா, ஒரு காசுக்குள்ள அடங்கணும். ஓரத்துல பட்டிருந்தா வேண்டாம், ஓரத்துலதான் கண்ணாடிக்கு இழுவ ஜாஸ்தி, ஓடிரும். டிரைவர் கண்ணுக்கு நேரா இருந்தாலும் வேண்டாம், ராத்திரி எதிர் லைட்டு அந்த எடத்துல பட்டு செதறும். உள்பக்க கண்ணாடி வரைக்கும் போயிருந்தா முடிஞ்சுது, நகத்தால உள்ள தடவி பாருங்க, தட்டுதுன்னா மாத்தறதுதான். இது எல்லாத்தையும் விட முக்கியம், உள்ள அழுக்கும் தண்ணியும் போயிருக்க கூடாது. அதனால கல்லு பட்ட உடனே வண்டிய ஓரம் கட்டி, சில்லு மேல ஒரு துண்டு செல்லோ டேப்ப ஒட்டிருங்க. ரெண்டாவது தடவ பெருந்துறை தாண்டி ஒரு பெட்டிக்கடையில பத்து ரூபாய்க்கு டேப் வாங்கி ஒட்டுனேன், ஏசிய கம்மி பண்ணிட்டேன், வைப்பர் போடல, வாட்டர் வாஷ் விடல, மறுநாள் காலைல கிளாஸ் கடைக்கு போயிட்டேன். அந்த பத்து ரூபா டேப்தான் எனக்கு கண்ணாடிய காப்பாத்துச்சு.

மாத்தியே ஆகணும்னா எந்த கண்ணாடி? எனக்கு மொத தடவ கெடச்ச மூணு ரேட்டு சொல்றேன், என்னோடது சாதா ஹேட்ச்பேக், எல்லாமே கண்ணாடிய ஒட்டற பேஸ்ட்டும் கூலியும் சேத்து. ஷோரூம்ல 11,400. வெளிய பிராண்டடு கண்ணாடி 7,200. பேரே இல்லாத கண்ணாடி 4,300. ஷோரூம் கண்ணாடியில கார் கம்பெனி லோகோ இருக்கும், ஆனா அத செய்றது கார் கம்பெனி கெடயாது. நம்ம ஊர்ல ஓடற நெறய காருக்கு ஏ.ஐ.எஸ். (அசாஹி இந்தியா) இல்லன்னா செயின்ட் கோபைன் செக்குரிட் கம்பெனி கண்ணாடிதான் ஃபேக்டரியிலருந்தே வருது. உங்க வண்டி டோர் கண்ணாடி மூலையில சின்ன எழுத்த பாருங்க, யாரு செஞ்சதுன்னு போட்டிருக்கும். அதே கம்பெனி கண்ணாடி வெளிக்கடையில கார் லோகோ இல்லாம கெடைக்கும். என் வண்டி மாதிரி கேமரா, சென்சார் எதுவும் இல்லாத வண்டிக்கு லோகோவுக்காக 4,200 ரூபா கூட குடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியல.

4,300 ரூபா கண்ணாடி மேட்டர் வேற. கடையில வெயில்ல தூக்கி புடிக்க சொல்லி அது வழியா எதிர் கட்டட தூண பாத்தேன், கண்ணாடிய ஆட்டுனா ஓரத்துல தூண் நெளியுது. அந்த கண்ணாடிய போட்டுட்டு ராத்திரி முழுக்க ஓட்டுனா கண்ணு என்னாகும்? மூலையில ஐ.எஸ். 2553-ங்கிற நம்பரோட ஐ.எஸ்.ஐ. முத்திர இருக்கான்னு பாருங்க, அதுல இல்ல. சட்டப்படி முன் கண்ணாடி வழியா 70 சதவீத வெளிச்சமாவது உள்ள வரணும், மோட்டார் வாகன விதி 100-ல இருக்கு, டார்க்கா இருக்குற கண்ணாடிய மலிவுன்னு மாட்டிட்டு அப்புறம் போலீஸ்கிட்ட மல்லுக்கட்ட வேண்டாம். இந்த பேரில்லாத கண்ணாடிய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்ப எல்லாரும் கோட்ட விடற எடத்துக்கு வரேன். எல்லாரும் கண்ணாடி ரேட்ட மட்டும் கேக்குறாங்க, ஒட்டறத பத்தி கேக்கறதில்ல. இப்ப வர்ற கார்ல முன் கண்ணாடி ரப்பர் பீடிங்ல சொருகி நிக்கிறது இல்ல, பி.யூ. (பாலியூரித்தேன்) பேஸ்ட்ல பாடியோட ஒட்டி நிக்குது. வண்டி உருண்டா கூரைய தாங்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு, நெறய கார்ல பக்கத்து சீட்டு ஏர்பேக் மேல வந்து கண்ணாடியில சாஞ்சுதான் விரியுது. பேஸ்ட் சரியில்லன்னா ஏர்பேக் கண்ணாடிய வெளிய தள்ளிட்டு போயிரும், பக்கத்துல உக்காந்திருக்குறது நம்ம வீட்டு ஆளு. மொத தடவ எனக்கு கண்ணாடி நல்ல கண்ணாடிதான், ஒட்டுனது சரியில்ல. ஐப்பசி மழையில மேல் மூலையிலருந்து சொட்டு சொட்டா டேஷ்போர்டுல எறங்குச்சு, 80 தாண்டுனா விசில் சத்தம் வேற. திரும்ப கொண்டு போயி, பேசி, சண்ட போட்டு, முழுசா எடுத்து மறுபடி ஒட்ட வெச்சேன். அப்ப பக்கத்துல நின்னு பாத்தப்பதான் தெரிஞ்சுது, மொத தடவ பழைய கண்ணாடிய எடுக்கும்போது கத்தி பட்டு பெயின்ட் உரிஞ்சிருக்கு, அதுல பிரைமர் (பேஸ்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) அடிக்காமயே பேஸ்ட்ட போட்டிருக்காங்க, கொஞ்ச மாசத்துலயே அந்த எடத்துல துரு.

அதனால ரேட்டு கேக்குறதுக்கு முன்னாடி இத கேளுங்க. என்ன பேஸ்ட்டு, டேட்டு முடியாததா, கீறல்ல பிரைமர் போடுவீங்களா, ஒட்டுனதுக்கப்புறம் எத்தன மணி நேரம் வண்டிய எடுக்க கூடாது. கடைசி கேள்விக்கு "உடனே எடுத்துட்டு போங்க சார்"னு பதில் வந்தா நீங்க வெளிய வந்துருங்க. பேஸ்ட்டுக்கு பேஸ்ட்டு நேரம் மாறும், அந்த டப்பா மேலயே போட்டிருக்கும். நான் ரெண்டாவது ஒட்டலுக்கு ஒரு ராத்திரி முழுக்க கடையிலயே விட்டுட்டு வந்தேன், மறுநாள் வரைக்கும் ஒரு டோர் கண்ணாடிய லேசா எறக்கியே வெச்சேன், இல்லன்னா டோர படார்னு சாத்தும்போது உள்ள இருக்குற காத்து புதுக்கண்ணாடிய வெளிய தள்ளும்.

அடுத்தது கைக்காசா இன்சூரன்ஸ் க்ளெய்மா. இங்க ஒரு நல்ல விஷயம், கண்ணாடிக்கு தேய்மானம் கழிக்க மாட்டாங்க, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) இல்லன்னாலும் கண்ணாடி காசு முழுசா வரும். ரப்பர் பிளாஸ்டிக் அயிட்டத்துக்குதான் 50 சதவீதம் கழிப்பாங்க, சும்மா பீடிங் கிளிப்புதான் அதுல வரும். என்ஜின் 1,500 சி.சி. வரைக்கும்னா 1,000 ரூபா, அதுக்கு மேல 2,000 ரூபா மட்டும் நம்ம கையிலருந்து. இதுவரைக்கும் ஏஜென்ட் சொல்லுவாரு, என்.சி.பி. (க்ளெய்ம் போடாதவங்களுக்கு பிரீமியத்துல குடுக்குற கழிவு) கணக்க முழுசா சொல்ல மாட்டாரு. என்.சி.பி. 20, 25, 35, 45, 50 சதவீதம்னு அஞ்சு வருஷம் ஏறும், ஒரு க்ளெய்ம் போட்டா மறுபடி பூஜ்யம். 50-ல இருக்குறவரு க்ளெய்ம் போட்டா அடுத்த வருஷம் 50 போகும், அதுக்கடுத்து 30, 25, 15, 5, கூட்டுனா 125 சதவீதம். அதாவது ஒரு வருஷத்து ஓ.டி. பிரீமியத்த (நம்ம வண்டி சேதத்துக்கு கட்டற பங்கு) போல ஒண்ணேகால் மடங்கு நஷ்டம். என் ஓ.டி. பிரீமியம் கழிவு இல்லாம 6,000, நஷ்டம் 7,500. ஐ.டி.வி. (இன்சூரன்ஸ்ல வண்டிக்கு போடற மதிப்பு) கொறஞ்சுட்டே வர்றதால கொஞ்சம் கம்மியா ஆகும்னே வெச்சுக்கோங்க, க்ளெய்ம்ல கைக்கு வர்றதும் 6,000 சொச்சம்தான். கிட்டத்தட்ட சமம், அதுக்கு எதுக்கு சர்வேயர் அலைச்சல்னு கைக்காசு குடுத்துட்டேன். 900 ரூபா ரெசினுக்கு க்ளெய்ம் போடற பேச்சே இல்ல.

மச்சானுக்கு இதே கணக்கு தலகீழா வந்துச்சு. புது எஸ்.யு.வி., மொத வருஷம், என்.சி.பி. இன்னும் பூஜ்யம்தான். கண்ணாடிக்கு நடுவுல மேல லேன் பாக்குற கேமரா. ஷோரூம்ல சொன்னது கண்ணாடி, வேல, கேமரா கேலிபரேஷன் (கேமரா கோணத்த சரியா செட் பண்றது) எல்லாம் சேத்து 38,000. பூஜ்யத்துல இருக்குறவருக்கு க்ளெய்ம்னால வர்ற நஷ்டம் அஞ்சு வருஷத்துக்கும் சேத்து பிரீமியத்துல 50 சதவீதம்தான், அவரு ஓ.டி. பிரீமியம் 20,000, அப்ப நஷ்டம் 10,000, வர்றது 36,000. யோசிக்கவே வேண்டாம்னு க்ளெய்ம் போட சொன்னேன். வெளிக்கடையில 24,000-க்கு ஆகும்னு ஒருத்தர் சொன்னாரு, கேமரா கேலிபரேஷன் பண்ணுவீங்களான்னு கேட்டதுக்கு அது தானா செட் ஆயிரும்னாரு. எல்லா வண்டியிலயும் அப்படி ஆகாது. கேமரா லேசா கோணலா நின்னாலும் தூரத்துல அது பாக்குற எடம் ரொம்ப தள்ளி போயிரும், தப்பான நேரத்துல பிரேக் புடிக்கும், இல்லன்னா புடிக்க வேண்டிய நேரத்துல புடிக்காது. ஏடாஸ் வண்டிக்கு, அதாவது இப்படி கேமரா பாத்து டிரைவருக்கு உதவற வண்டிக்கு, கேலிபரேஷன் பண்ணி பேப்பர் குடுக்குற எடத்துல மட்டும் மாத்துங்க, அது ஷோரூமா இருந்தாலும் சரி வெளியா இருந்தாலும் சரி. அப்புறம் க்ளெய்ம்னா கண்ணாடிய கழட்டறதுக்கு முன்னாடியே இன்சூரன்ஸ்ல சொல்லிருங்க, அவங்க பாக்காம மாத்துனா காசு வராது. அந்த வருஷம் ஏற்கனவே வேற க்ளெய்ம் போட்டிருந்தீங்கன்னா என்.சி.பி. போனது போனதுதான், கண்ணாடியையும் தயங்காம போட்டுருங்க. என்.சி.பி. ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்தவங்க பாலிசியில எத்தன க்ளெய்ம் வரைக்கும்னு பாத்துக்கோங்க.

இன்னொண்ணு, ஃபாஸ்டேக். பழைய கண்ணாடியோடயே அது போயிரும், உரிச்சு எடுத்து புதுசுல ஒட்டுனா வேல செய்யாது. எனக்கு இது தெரியாம விஜயமங்கலம் டோல்ல நின்னு ரெட்ட கட்டணம் கட்டுனேன். கண்ணாடி புக் பண்ற அன்னைக்கே டேக் வாங்குன பேங்க்ல ரீப்ளேஸ்மென்ட் கேட்டுருங்க, பழைய பேலன்ஸ் அப்படியே புது டேக்குக்கு வந்துரும், வீட்டுக்கு வர மூணு நாலு நாளாகும்.