இலிக்னின்: எரிப்பதா, உடைப்பதா, அப்படியே சேர்ப்பதா?

தண்ணீரைக் குறைக்கவென்று கொங்கிறீற்றுக்கு விடும் கெமிக்கல் கலனைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் காண்பீர்கள். ஒன்று, சாயத்தேத்தண்ணியைச் சுண்டக் காய்ச்சியதுபோல் கரும்பழுப்பாக, ஈர மரமும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசத்தோடு இருக்கும். மற்றது வெளிறின மஞ்சள். வாசம் என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்யும் எனக்கு, எந்த வேலைக்கு எதை எடுப்பது என்பது அடிக்கடி வரும் கேள்வி. அந்தப் பழுப்புத் திரவம் எங்கிருந்து வருகிறது என்று தேடப் போய்த்தான் இலிக்னின் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

கடதாசி ஆலைகள் மரத்தைக் கூழாக்கும்போது பிரித்து எடுக்கும் பொருள் இலிக்னின். அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்பதில் பல வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு விடயம் தெளிவாகிவிட்டது. இலிக்னினைத் துண்டு துண்டாக உடைத்து வேறொன்றாக மாற்றும் வழிகளைவிட, அதன் இயல்பை அப்படியே வேலைவாங்கும் வழிகள்தான் நின்று பிடிக்கின்றன.

யாழ்ப்பாணத்தவருக்கு இலிக்னினை விளக்கப் பனை போதும். கூரைக்கு வளைமரமும் சிலாகையும் எடுக்க, முதிர்ந்து வைரம் ஏறிய பனையாகப் பார்த்துத்தான் தறிப்பார்கள். வெளிப்புறம் கறுத்து இறுகியிருக்கும். உள்ளே சோற்றி, அதாவது மென்மையான நடுப்பகுதி, கையால் பிய்க்க வரும். அந்த வைரத்தில் நார்களை இறுக்கிப் பிடித்திருப்பதில் பெரும்பங்கு இலிக்னினுக்கு. செலுலோசு நார் இழுவையைத் தாங்கும். இலிக்னின் அந்த நார்களை ஒட்டிவைத்து, அமுக்கத்தைத் தாங்கவும் தண்ணீர் எளிதில் ஊறாமல் இருக்கவும் செய்யும். காய்ந்த மரத்தில் ஏறத்தாழ 20 முதல் 30 வீதம் அதுதான். தென்னந்தும்பில் 40 வீதம் அளவுக்கு வரும்.

கடதாசிக்கு வேண்டியது செலுலோசு மட்டும். எனவே இலிக்னினைக் கரைத்துப் பிரிக்க வேண்டும். இதற்கு இரண்டு பெரிய முறைகள் உண்டு. கார்ல் டால் 1879இல் டான்சிக் நகரில் கண்டுபிடித்த கிராப்ட் முறையில் எரிசோடாவும் சோடியம் சல்பைட்டும் (sulphide) சேர்த்து மரத்தை அவிக்கிறார்கள். இரசாயன முறையில் ஆக்கப்படும் கூழில் மிகப் பெரும்பகுதி இன்று இப்படித்தான் வருகிறது. அதற்கு முன்பே, 1860களில், பெஞ்சமின் டில்மன் சல்பைற்று (sulphite) முறைக்கு வழிகாட்டினார். இன்று சில ஆலைகளே அதைத் தொடர்கின்றன. ஆனால் எங்கள் பழுப்புக் கலன் அந்த வழியில் வருவதுதான். கிராப்ட் இலிக்னின் காரத்தில் கரையும், சாதாரண தண்ணீரில் கரையாது. சல்பைற்று முறையில் வரும் இலிக்னோசல்பொனேற்று பச்சைத்தண்ணீரிலேயே கரைந்துவிடும். இந்த ஒரு வித்தியாசம்தான் எது எங்கே பயன்படும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எரிப்பது

மற்ற எல்லா வழிகளும் முதலில் மோத வேண்டியது அடுப்போடுதான். கிராப்ட் ஆலையில் அவித்து மிஞ்சும் கரிய சாற்றைச் சுண்டவைத்து மீட்புக் கொதிகலனில் எரிப்பார்கள். டொம்லின்சன் 1930களில் கொண்டுவந்த இந்தக் கொதிகலன் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்கிறது. இலிக்னின் எரிந்து ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் கொடுக்கிறது. அவிக்கப் பயன்பட்ட இரசாயனங்கள் அடியில் உருகித் திரும்பக் கிடைக்கின்றன. உலர்ந்த இலிக்னின் ஒரு கிலோவில் ஏறத்தாழ 26 மெகாயூல் வெப்பம் இருக்கிறது. விறகைவிட அது கூட. ஆகவே "இலிக்னின் வீணாகப் போகிறது" என்ற பேச்சு சரியில்லை. அது ஆலைக்கு எரிபொருள். அதை எடுத்து விற்பவர் எரிபொருளின் பெறுமதிக்கு மேல் விலை காண வேண்டும்.

ஆனாலும் எடுக்கக் காரணம் உண்டு. கூடுதல் மரத்தை அவிக்கவிடாமல் பல ஆலைகளை மறிப்பது இந்தக் கொதிகலனின் கொள்ளளவுதான். சாற்றில் காபனீரொட்சைட்டைச் செலுத்திக் காரத்தன்மையைக் குறைத்தால் இலிக்னின் திரிந்து கீழே படியும். அதை வடித்துக் கழுவி எடுக்கலாம். அப்படி ஒரு பங்கை எடுத்துவிட்டால் அதே கொதிகலனோடு கூடுதல் கூழ் ஆக்கலாம். பின்லாந்தின் சுனிலா ஆலையில் ஸ்டோரா என்சோ நிறுவனம் 2015இல் ஆண்டுக்கு 50,000 தொன் கொள்ளளவில் இதைத் தொடங்கியது. 2023இல் அங்கே கூழ் உற்பத்தியை நிறுத்தியபோது இலிக்னினும் நின்றது. இதை நான் முக்கியமாக எடுக்கிறேன். இலிக்னின் எவ்வளவு நல்ல பொருளானாலும் அது கூழின் பின்னால் வருவது. கூழ் விற்காவிட்டால் அதுவும் இல்லை.

பழுப்புக் கலனும் மஞ்சள் கலனும்

சரி, எனக்குத் தெரிந்த இடத்துக்கு வருகிறேன். சீமெந்து தண்ணீரில் விழுந்ததும் அதன் துகள்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்துகளுக்குள் தண்ணீர் சிறைப்பட்டுவிடும். அதனால்தான் மேசன்மார் "இறுக்கமாக இருக்கு" என்று இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார்கள், பலம் போகிறது. இலிக்னோசல்பொனேற்று துகள்களில் ஒட்டி அவற்றுக்கு மறை ஏற்றம் கொடுக்க, அவை ஒன்றையொன்று தள்ளி விலகுகின்றன. சிறைப்பட்ட தண்ணீர் வெளியே வருகிறது. 1930களிலிருந்து கொங்கிறீற்றில் இதைச் சேர்க்கிறார்கள். தண்ணீரை 5 முதல் 10 வீதம் வரை குறைக்கலாம்.

மஞ்சள் கலனில் இருப்பது பொலிகாபொட்சிலேற்று, பெற்றோலிய எண்ணெயிலிருந்து ஆக்குவது. அதன் மூலக்கூறு சீப்புப் போன்றது. அந்தப் பற்கள் துகள்களை நெருங்கவிடாமல் தடுக்கின்றன. தண்ணீரை 25 வீதத்துக்கும் மேல் குறைக்கும். கண்ணால் பார்க்க வேண்டுமானால் கலவையின் இளக்கத்தைப் பார்க்கும் சிலம்ப் கூம்பில் அதை நிரப்பித் தூக்குங்கள். கெமிக்கல் இல்லாத இறுகிய கலவை நீத்துப்பெட்டியிலிருந்து கொட்டிய புட்டுப்போல் நிற்கும். பழுப்பு விட்டது மெதுவாக இருந்து தோள் சரியும். மஞ்சள் விட்டது கூழ்போல் தட்டில் பரவும்.

அப்படியானால் மஞ்சள்தானே வென்றது? உயர்ந்த தூண், நெருக்கமான கம்பி, பாலத்துத் தூலம் என்றால் ஆம், அதில் வாதமே இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் நடக்கும் சிலாப் வேலைக்கு நான் பழுப்பைத்தான் முதலில் நினைப்பேன். காரணம் மூன்று. ஒன்று வெயில். சித்திரையில் பதினொரு மணிக்குள் கலவை இறுகத் தொடங்கும். கலவை லொறி நுழையாத ஒழுங்கையில் மிஷினில் குழைத்து வாளியில் ஏற்றுகிறவர்களுக்கு நேரம்தான் தேவை. இலிக்னோசல்பொனேற்று இறுகுவதைத் தாமதப்படுத்தும். குளிர்நாட்டில் அதைக் குறையாகச் சொல்வார்கள், இங்கே அது நன்மை. இரண்டாவது மணல். களிமண் கலந்த மணலில் பொலிகாபொட்சிலேற்றைக் களி உறிஞ்சிவிடும். காலையில் வந்த லோட்டுக்கு வேலை செய்த அளவு பின்னேரம் வந்த லோட்டுக்குச் செய்யாது. பழுப்பு அந்த அளவுக்குத் தடுமாறாது. மூன்றாவது விலை, அதை விளக்கத் தேவையில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஒரு போத்தலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் சேர்த்துக் குலுக்கிப் பாருங்கள், நுரை எழும்பி நிற்கும். அந்த நுரைதான் கொங்கிறீற்றுக்குள் காற்றாகப் போகிறது. 1 வீதம் காற்று கூடினால் பலம் ஏறத்தாழ 5 வீதம் குறையும். நுரையடக்கி சேர்த்த தரமான தயாரிப்பை வாங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

மற்றது அளவு. சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டுச் சிலாப்பில், லேபல் கிழிந்த கலனிலிருந்து கண்மட்டத்துக்கு ஊற்றியிருக்கிறார்கள். பின்னேரம் மேசன் அண்ணை கோல் எடுத்தார். "தம்பி, இன்னும் பிடிக்கேல்லை, விரல் போகுது." அடுத்த நாள் காலையிலும் பெருவிரல் அமிழ்ந்தது. வீட்டுக்கார அம்மா படியில் இருந்து ஒன்றும் பேசாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்; அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இலிக்னோசல்பொனேற்றும் அதோடு வரும் மரச்சர்க்கரைகளும் அளவு மிஞ்சினால் சீமெந்தின் தாக்கத்தையே மறித்துவிடும். சாக்கு நனைத்துப் போர்த்து, காயவிடாமல் வைத்திருந்தோம். அன்று பின்னேரம்தான் இறுகியது. முட்டுகளை வழக்கத்தைவிட இரண்டு கிழமை கூட விட்டோம். 28ஆம் நாள் கியூப் சோதனையில் தேவையான பலம் வந்திருந்தது. ஈரம் காத்தால் தாமதம் தாமதமாகவே முடியும், காயவிட்டால் சேதமாகும். 50 கிலோ சீமெந்துப் பைக்குப் பொதுவாக 100 முதல் 250 மில்லிலீற்றர்தான் போகும். கலனில் எழுதியிருக்கும் அளவே முடிவானது. இப்போது ஒவ்வொரு கலனின் கைபிடியிலும் கோடு போட்ட கோப்பை ஒன்றைக் கட்டித்தான் வேலைக்கு அனுப்புகிறேன்.

வனிலின்

உடைத்துப் பெறும் பொருள்களில் பேர்போனது இதுதான். ஐஸ்கிறீமிலும் கேக்கிலும் போடும் வனிலா வாசத்தின் மூலக்கூறு வனிலின். ஊசியிலை மரத்தின் இலிக்னோசல்பொனேற்றைக் காரத்தில் ஒட்சியேற்றி அதை எடுக்கலாம். 1981இல் கனடாவின் ஒன்ராறியோவில் இருந்த ஒரே ஆலை செயற்கை வனிலினுக்கான உலகத் தேவையின் 60 வீதத்தைக் கொடுத்தது. பிறகு பெற்றோலிய எண்ணெயிலிருந்து வரும் குவையக்கோல் என்ற இரசாயனத்தின் வழி அதை ஓரங்கட்டியது. காரணம் கழிவு. இலிக்னின் வழியில் 1 கிலோ வனிலினுக்கு 160 கிலோவுக்கு மேல் காரக் கழிவுநீர் மிஞ்சியது. இன்று பேரளவில் தொடர்வது நோர்வேயின் சார்ப்ஸ்போர்க்கில் உள்ள போரிகார்ட் ஆலை. அவர்களால் முடிவதற்குக் காரணம், மரத்தின் மிச்சப் பகுதிகளையும் விற்கிறார்கள்: செலுலோசு ஒரு பக்கம், சர்க்கரையிலிருந்து மதுசாரம் ஒரு பக்கம், பழுப்புத் திரவம் ஒரு பக்கம். வனிலினை மட்டும் நம்பி ஆலை கட்டினால் அது நிற்காது என்றே நினைக்கிறேன். நாக்குக்கு இரண்டும் ஒன்றுதான், கூர்ந்த சுவைஞர்கள் மட்டும் மர வனிலினில் ஒரு நிறைவு இருப்பதாகச் சொல்வார்கள்.

பசை, வீதி, பற்றறி

ஒட்டுப்பலகைப் பசையில் பினோல் என்ற இரசாயனத்துக்குப் பதிலாக இலிக்னினைப் போடுவது எனக்குப் பிடித்த வழி. இலிக்னினின் உடலே பினோல் வகைதான். மரத்தில் பசையாக இருந்ததை மரத்துக்கே பசையாக்குகிறார்கள். பின்லாந்தின் யூபிஎம் நிறுவனம் ஒட்டுப்பலகைப் பசையில் பினோலின் பாதியளவை இப்படி மாற்றியிருக்கிறது. கிராப்ட் இலிக்னின் தண்ணீரில் கரையாதது இங்கே வசதி.

வீதிக்கு இலிக்னினை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம் என்கிறார்கள். தாரின் ஒரு பங்குக்கு இலிக்னின் கலப்பது ஒன்று. நெதர்லாந்தில் 2015 முதல் சோதனை வீதிகள் உண்டு. 2024 டிசம்பரில் நாக்பூர் அருகே மன்சாரில், 44ஆம் இலக்க தேசிய நெடுஞ்சாலையில் இந்தியாவும் ஒரு துண்டு திறந்தது. எங்கள் வெயிலுக்கு, தார் இளகாமல் சற்று விறைப்பாக இருப்பது நல்லதே. கிறவல் வீதியில் புழுதி அடங்க இலிக்னோசல்பொனேற்றைத் தெளிப்பது மற்றது. கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு இதை நான் ஒப்பமாட்டேன். தண்ணீரில் கரைவது ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவுப்படும். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் கிணற்றுத் தண்ணீர். மேலே ஊற்றியது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும் மண் இது. நைத்திரேற்றால் ஏற்கனவே வருந்தும் கிணறுகளுக்கு இன்னொரு சுமை வேண்டாம்.

பற்றறியைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈய அமில பற்றறியின் மறைத் தட்டில் அரை வீதத்துக்கும் குறைவாக இலிக்னோசல்பொனேற்று இருக்கும். முன்பு தட்டுகளுக்கு நடுவே மரத் தகடு வைத்தார்கள். அதை எடுத்துவிட்டு வேறு பொருள் வைத்தபோது பற்றறிகள் சீக்கிரம் சோர்ந்தன. மரத்திலிருந்து கசிந்த இலிக்னின்தான் ஈயம் கட்டிபடாமல் காத்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இலிக்னினைக் கருக்கிப் புதுப் பற்றறிகளுக்குக் காபன் ஆக்கும் முயற்சியும் நடக்கிறது. ஸ்டோரா என்சோ அதற்காகக் கைகோத்த சுவீடன் பற்றறி நிறுவனமான நோர்த்வோல்ற் 2025இல் வங்குரோத்தானது. அதற்காக இந்த வழி தோற்றது என்று சொல்லமாட்டேன், இப்போதைக்குப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பனையும் தும்பும்

என்னோடு வேலை பழகும் பிள்ளைகள் கேட்பார்கள்: "அண்ணை, எங்கட பனையில இருந்து இதை எடுக்கேலாதோ? பரந்தனில எரிசோடா செய்த ஆக்கள்தானே நாங்கள்." கேள்வி நியாயமானது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடா எடுத்த தொழிற்சாலை பரந்தனில் இருந்தது உண்மை. ஆனால் அவிப்பது கஷ்டமில்லை, அவித்த சாற்றை என்ன செய்வது என்பதுதான் கஷ்டம். மீட்புக் கொதிகலன் சிறு அளவில் கட்டுப்படியாகாது. வைக்கோலென்றால் அதிலுள்ள சிலிக்கா சாற்றோடு கரைந்து, சுண்டவைக்கும் குழாய்களில் படிந்து அடைக்கும். மீட்பு இல்லாத ஆலையின் கரிய சாறு கடனீரேரிக்குத்தான் போகும். அந்த விலை கொடுத்து எனக்கு இலிக்னின் வேண்டாம்.

அதைவிட, வெளியே எடுக்காமலே பயன்படுத்தலாம். வில்லியம் மேசன் 1924இல் அமெரிக்காவின் லோரலில் மரச்சில்லுகளை நீராவியால் வெடிக்கவைத்து, சூட்டோடு அமுக்கிப் பலகையாக்கினார். வெளியிலிருந்து பசை சேர்க்கவில்லை. மரத்திலிருந்த இலிக்னினே சூட்டில் இளகி ஒட்டியது. தேங்காய்ப் பொச்சை அரைத்து இதேபோல் சூட்டில் அமுக்கினால் பசையில்லாப் பலகை வரும் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பளைப் பக்கம் தென்னங்காணிகளில் பொச்சுமட்டை குவிந்து கிடப்பதை ஒவ்வொரு முறை கடக்கும்போதும் பார்க்கிறேன். ஒரு அரைக்கும் மிஷின், 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறும் ஒரு அமுக்கி. கரிய சாறு ஒரு துளியும் இல்லை. யாராவது இதை இங்கே செய்து பார்த்தால், மழை படாத உட்கதவு ஒன்றுக்கு முதல் பலகையை நான் வாங்குகிறேன்.